இடம் தர மறுத்த ஊரில் எழுந்த மன்றம்

1866-ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்தில் ஒரு சங்கத்தின் செயலாளர் கூட்டம் நடத்துவதற்காக அரங்கு ஒன்றை வாடகைக்குப் பேசி முடித்தார். அங்கே என்ன பேசப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அரங்கின் உரிமையாளர் கொடுத்த வாக்கிலிருந்து பின்வாங்கினார். பைபிள் மற்ற நூல்களைப் போன்ற ஒரு நூல்தான் என்று நிறுவுவது ஒரு சொற்பொழிவு. ஏசுவின் குணத்தையும் போதனையையும் குறைகண்டு ஆராய்வது இன்னொன்று. செயலாளர் நீதிமன்றம் போனார். 1867-இல் தீர்ப்பு வந்தது. கிறித்தவம் இந்நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி. அதற்கு எதிரான பேச்சுக்கு இடம் விடுவதாகச் செய்த ஒப்பந்தம் செல்லாது. உரிமையாளர் கதவைச் சாத்தியது சரியே.

சட்ட நூல்களில் 'கோவன் எதிர் மில்போர்ன்' என்ற பெயரில் நிலைத்துவிட்ட வழக்கு இது. அதன் விளைவு நாட்டிலிருந்த எல்லாச் சிறு சங்கங்களையும் தொட்டது. மதத்தைக் கேள்வி கேட்கும் பத்துப் பேர் ஓரிடத்தில் கூட நினைத்தால், முன்பணம் கொடுத்து ரசீது வாங்கியிருந்தாலும் கடைசி நேரத்தில் தெருவில் நிற்க நேரலாம். அவர்களுக்குச் சொந்தமாக ஒரு கூரை வேண்டியிருந்தது. அந்தக் கூரையைத் தாங்களே எழுப்பிக்கொண்டவர்கள் லிவர்பூலுக்குத் தென்கிழக்கே இருக்கும் லெஸ்டர் நகரத்துக்காரர்கள்.

லெஸ்டர்காரர்களின் சங்கத்தை ஆங்கிலத்தில் 'செக்யுலர் சொசைட்டி' என்றார்கள். அந்தச் சொல்லுக்கு நல்ல தமிழ் ஏற்கெனவே இருக்கிறது. 1880-களில் இதே கொள்கையைப் பேசிய சென்னைக்காரர்கள் தங்கள் அமைப்புக்கு 'இலௌகிக சங்கம்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். மறு உலகத்தைப் பற்றிய கவலையை ஒதுக்கிவிட்டு, கண்முன் இருக்கும் இந்த உலகத்தின் நன்மையை அறிவின் துணையோடு தேடுவது என்பது பொருள். லெஸ்டருக்கும் அந்தப் பெயர் பொருத்தமாகவே இருக்கும்.

ஆங்கிலச் சொல்லை இயக்கத்தின் பெயராக்கியவர் ஜார்ஜ் ஜேக்கப் ஹோலியோக். பர்மிங்ஹாம் நகரத்து வார்ப்படப் பட்டறையில் சிறுவயதிலேயே வேலைக்குப் போனவர். 1842-இல் செல்ட்டன்ஹாம் என்ற ஊரில் பேசிக்கொண்டிருந்தபோது, கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் எழுந்து கடவுளைப் பற்றிக் கேள்வி கேட்டார். ஹோலியோக் தன் மனத்தில் பட்டதை மறைக்காமல் சொன்னார். இத்தனை வறுமையில் இருக்கும் மக்களுக்குக் கடவுள் கட்டுப்படியாகாது என்பது அவர் பதிலின் சாரம். மத நிந்தனைக் குற்றம் சாட்டப்பட்டு, கிளாஸ்டர் சிறையில் ஆறு மாதம் அடைக்கப்பட்டார். அவர் உள்ளே இருந்த காலத்தில் வெளியே அவருடைய சிறு மகள் இறந்துபோனாள்.

சிறையிலிருந்து வந்தவர் கசப்பைச் சுமந்துகொண்டு அலையவில்லை. கடவுள் இல்லை என்று நிறுவுவதைவிட, கடவுளைத் துணைக்கு அழைக்காமலே மனிதர் ஒழுக்கமாகவும் ஒற்றுமையாகவும் வாழ முடியும் என்று காட்டுவதுதான் அவசரம் என்று கருதினார். அந்த நோக்குக்கு 1851-இல் அவர் சூட்டிய பெயர்தான் 'செக்யுலரிசம்'. லெஸ்டர் சங்கமும் தன் பிறந்த ஆண்டாகக் குறிப்பது அதே 1851-ஐ. உலகில் இன்றும் இயங்கும் இலௌகிக சங்கங்களில் மூத்தது தாங்களே என்று அவர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்கிறார்கள்.

லெஸ்டரைப் புரிந்துகொள்ளத் திருப்பூரை நினைத்துக்கொண்டால் போதும். லெஸ்டரும் பின்னலாடை ஊர். காலுறை பின்னும் தறிகளும், பிறகு செருப்புத் தொழிலும் அந்த ஊருக்குச் சோறு போட்டன. பின்னல்காரர்கள் தறியையே வாடகைக்கு எடுத்து, வாடகை போக மிஞ்சிய கூலியில் வாழ்ந்தவர்கள். தேவாலயத்துக்கு வரி கட்டுவதையும் முதலாளிக்கு அடங்கிப் போவதையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்தவர்கள் அவர்களில் நிறையப் பேர். ராபர்ட் ஓவனின் கூட்டுறவுக் கருத்துகள் அங்கே 1830-களிலேயே வேர்விட்டிருந்தன. மனிதனின் குணத்தை அவன் வாழும் சூழலே வார்க்கிறது, சூழலை மாற்றினால் மனிதன் மாறுவான் என்பது ஓவன் சொன்னது. நாள் முழுக்கத் தறியின் முன் குனிந்திருந்தவருக்கு, பிறவிப் பாவம் பற்றிய பிரசங்கத்தைவிட அது நெருக்கமாக இருந்தது.

கூட்டுறவு இன்னொரு பழக்கத்தையும் கற்றுக்கொடுத்தது. 1844-இல் ரோச்டேல் நகரத்தில் 28 பேர் தலைக்கு ஒரு பவுண்டு சேர்த்து ஒரு கடை திறந்தார்கள். வாராவாரம் சில பென்னிகளாகச் சேர்த்த பணம் அது. அந்தக் கதையை எழுதி நாடெங்கும் பரப்பியவரும் ஹோலியோக்தான். கையில் காசில்லாதவர்கள் சிறுகச் சேர்த்துப் பொதுச் சொத்து உண்டாக்கலாம் என்பதற்கு ஊருக்கு ஊர் சாட்சி இருந்தது.

ஆனாலும் ஒரு சங்கத்தில் பெயர் எழுதுவது அன்று எளிதான காரியமில்லை.

கடவுள் நம்பிக்கை இல்லாதவர் நீதிமன்றத்தில் சத்தியம் செய்ய முடியாது. சத்தியம் செய்யாதவரின் சாட்சியம் ஏற்கப்படாது. தன்னிடம் திருடியவனுக்கு எதிராகக்கூட அவர் கூண்டேறிப் பேச வழியில்லை. 1869-இல் வந்த சாட்சியத் திருத்தச் சட்டம்தான் இந்த நிலையை மாற்றத் தொடங்கியது. வேலை போகும், வாடகை வீடு போகும், உறவு முறியும் என்ற அச்சங்கள் அதற்குப் பிறகும் நீங்கவில்லை. சார்லஸ் பிராட்லா 1866-இல் தேசிய இலௌகிக சங்கத்தைத் தொடங்கியபோது உறுப்பினர்களை இரண்டு வகையாகப் பிரித்தார். பெயரை வெளியிடலாம் என்று ஒப்புக்கொண்டவர்கள் ஒரு வகை. சந்தாவை வாங்கிக்கொள்ளுங்கள், பெயரை மட்டும் வெளியே சொல்லாதீர்கள் என்றவர்கள் மற்றொரு வகை. மறைந்திருந்து துணை நின்ற இந்த இரண்டாம் வகையினரை யாரும் கோழை என்று தள்ளவில்லை. குடும்பம் இருப்பவரின் நிலை குடும்பம் இருப்பவருக்குத் தெரியும்.

பெயரை வெளியே சொன்னவர்கள் கொடுத்த விலைக்கு அன்னி பெசன்ட் ஒரு சான்று. பாதிரியாரின் மனைவியாக இருந்து நம்பிக்கை இழந்து வெளியேறியவர். 1877-இல் கருத்தடை முறைகளைச் சொல்லும் சிறு நூலொன்றைப் பிராட்லாவுடன் சேர்ந்து வெளியிட்டதற்காக வழக்கைச் சந்தித்தார். அடுத்த ஆண்டே, இப்படிப்பட்ட கொள்கை உடையவரிடம் குழந்தை வளரக் கூடாது என்று மகள் மேபலை நீதிமன்றம் அவரிடமிருந்து பிரித்துத் தந்தையிடம் ஒப்படைத்தது.

ஹாரியட் லா இன்னொருவர். தீவிர பாப்டிஸ்ட் வீட்டில் வளர்ந்து, லண்டனின் கிழக்குப் பகுதியில் ஞாயிறு பள்ளியில் வேதம் கற்பித்தவர். ஓவன் வழியினரோடு வாதாடி அவர்களைத் திருத்தப் போனவர், வாதத்தின் முடிவில் தானே அவர்கள் பக்கம் வந்துவிட்டார். பிறகு ஊர் ஊராகச் சென்று பேசுவதே அவர் வாழ்க்கையானது. பெண் ஒருத்தி மேடையேறி மதத்தை எதிர்த்துப் பேசுவதா என்று எழுந்த கூச்சலையும் கலகத்தையும் அவர் பல ஊர்களில் எதிர்கொண்டார். இத்தகைய பேச்சாளர்களை வரவழைத்து, வழிச்செலவு கொடுத்து, இரவு தங்கத் தங்கள் வீட்டில் இடம் தந்தவர்கள் உள்ளூர்ச் சங்கத்தின் சாதாரண உறுப்பினர்கள். இயக்கம் என்று வரலாறு எழுதுவதில் பெரும்பகுதி இவர்களுடைய சமையலறையிலும் சில்லறைப் பெட்டியிலும் நடந்தது.

லெஸ்டர் சங்கமும் இடையில் தளர்ந்துபோயிற்று. 1867-இல் மறுபடி தூக்கி நிறுத்தினார்கள். அதில் முன்னின்றவர் ஜோசியா கிம்சன். பொறிகள் செய்யும் தொழிலதிபர். இளமையிலேயே ஓவனைப் பின்பற்றியவர். அவருடைய நிறுவனத்தின் கைத்திறனை லெஸ்டர் போகிறவர்கள் இன்றும் பார்க்கலாம். நகரத்தின் கழிவுநீரை இறைத்த அபி நீரேற்று நிலையத்தில் நிற்கும் நான்கு பெரும் நீராவி எஞ்சின்கள் 1891-இல் கிம்சன் நிறுவனம் செய்தவை. பணக்காரர் ஒருவர் இருந்ததால் சங்கத்துக்கு முதுகெலும்பு கிடைத்தது உண்மை. அந்தப் பணத்தைச் சுற்றி நூற்றுக்கணக்கான கைகள் கூடாமல் இருந்திருந்தால் அது ஒரு செல்வரின் ஆசைக் கட்டடமாக முடிந்திருக்கும்.

1870-களின் தொடக்கத்தில் ஹோலியோக்கைப் பேச அழைத்தபோது ஊரில் பொது அரங்கு தர மறுத்தார்கள். லிவர்பூல் தீர்ப்பின் நிழல் லெஸ்டர் மீதும் விழுந்தது. இரவல் கூரையின் கீழ் இனிச் சங்கம் நடத்த முடியாது என்று முடிவெடுத்தவர்கள் 1873-இல் 'இலௌகிக மன்றக் கம்பெனி' ஒன்றைப் பதிவு செய்து, பங்குகளை விற்கத் தொடங்கினார்கள். எண்ணம் பிறந்து எட்டு ஆண்டுகளுக்குப் பிறகே கதவு திறந்தது. அதற்குள் எத்தனையோ கூட்டங்கள், கணக்கு வழக்குகள், தள்ளிப்போன தேதிகள் கடந்திருக்கும். பெரும் தொகையைக் கிம்சன் போட்டார்.

ஹம்பர்ஸ்டோன் கேட் என்பது நகரத்தின் நடுவே ஓடும் கடைவீதி. அங்கே, யாரும் கவனிக்காமல் கடந்துபோக முடியாத இடத்தில் மன்றம் எழுந்தது. லீக் நகரத்தைச் சேர்ந்த லார்னர் சக்டன் என்ற கட்டடக் கலைஞர் செங்கல்லும் சுடுமண்ணும் சேர்த்து வடிவமைத்தார். முகப்பில் ஐந்து மார்பளவுச் சிலைகள் வைத்தார்கள். சாக்ரடீஸ், வால்டேர், தாமஸ் பெயின், ராபர்ட் ஓவன் ஆகிய நால்வரை யாரும் எதிர்பார்த்திருப்பார்கள். ஐந்தாவது சிலை ஏசு.

ஊர் கொதித்தது அதைப் பார்த்துத்தான். நாத்திகர் வீட்டு வாசலில், வால்டேருக்குப் பக்கத்தில், எங்கள் ஆண்டவரா என்று சமயவாதிகள் கண்டித்தார்கள். சங்கத்தார் தங்கள் எண்ணத்தில் தெளிவாக இருந்தார்கள். தன் காலத்துக் குருமார்களைக் கேள்வி கேட்டு அதற்காகத் தண்டிக்கப்பட்ட ஒரு மனிதராக ஏசுவை அவர்கள் மதித்தார்கள். மனிதர்களுக்குள் மனிதராக அவருக்கு இடம் தந்தார்கள். சிலை நிலைத்து நின்றது.

1881 மார்ச் 6, ஞாயிற்றுக்கிழமை, திறப்பு விழா. ஹோலியோக் வந்தார். பிராட்லா வந்தார். அன்னி பெசன்டும் ஹாரியட் லாவும் வந்தார்கள். பிராட்லா அப்போது நார்தாம்டன் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்வதற்குப் பதில் உறுதிமொழி சொல்ல விரும்பியதால் அவருடைய பதவிக்கே வழக்கு நடந்துகொண்டிருந்தது. மறுபடி மறுபடி இடைத்தேர்தலில் நின்று வென்று, 1886-இல்தான் அவர் தடையின்றி இருக்கையில் அமர முடிந்தது. யார் வேண்டுமானாலும் உறுதிமொழி சொல்லலாம் என்ற சட்டம் 1888-இல் அவர் முயற்சியால் வந்தது. தலைநகரத்தில் உட்கார இடம் மறுக்கப்பட்ட அந்த மனிதருக்கு லெஸ்டரின் பின்னல்காரர்களும் செருப்புத் தொழிலாளர்களும் அன்று தங்கள் சொந்த மேடையில் நாற்காலி போட்டார்கள்.

மன்றம் திறந்ததும் சங்கத்தின் வேலை பெருகியது. ஞாயிறு மாலைகளில் சொற்பொழிவு. குழந்தைகளுக்கு ஞாயிறு பள்ளி. படிக்க நூல்கள். பாட்டும் உறவாடலும். தேவாலயத்தை விட்டு வந்த ஒருவர் இழப்பது நம்பிக்கையை மட்டுமில்லை. வாராவாரம் பார்க்கும் முகங்களையும், கூடிப் பாடும் பாட்டையும், துக்கத்தில் வந்து நிற்கும் கைகளையும் சேர்த்தே இழக்கிறார். அதையெல்லாம் ஈடுசெய்யாத சங்கம் நீடிக்காது என்பது இலௌகிகர்களுக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது. ஹோலியோக்கின் தம்பி ஆஸ்டினும் சார்லஸ் வாட்ஸும் சேர்ந்து 1871-இலேயே இலௌகிகர்களுக்கான பாட்டுகளும் சடங்குகளும் அடங்கிய கையேடு வெளியிட்டார்கள். குழந்தைக்குப் பெயர் சூட்டவும் இறந்தவரை அடக்கம் செய்யவும் அதில் வாசகங்கள் இருந்தன. ஊர்த் தேவாலயத்து மயானத்தில் ஆங்கிலிக்கன் சடங்கு இல்லாமல் அடக்கம் செய்யச் சட்டம் இடம் கொடுத்ததே 1880-இல்தான். அதற்கு முன், வாழ்நாளெல்லாம் மறுத்த சடங்கைச் செத்த பிறகு ஏற்க வேண்டிய கொடுமை பலருக்கு நேர்ந்தது.

அந்த மன்றம் யாரையெல்லாம் ஆளாக்கியது என்பதற்கு இரண்டு பேரைச் சொல்லலாம். டாம் பார்க்ளே, ஏழை ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே கூலி வேலைக்குப் போனவர். பாட்டில் கழுவிப் பிழைத்தவர். சங்கத்தோடு பழகி, படித்து, லெஸ்டரில் சோசலிசத்தை வளர்த்தவர்களில் ஒருவரானார். பாட்டில் கழுவுபவனின் வாழ்க்கை என்றே அவருடைய தன்வரலாறு 1934-இல் நூலாக வந்தது. இன்னொருவர் ஜோசியாவின் மகன் எர்னஸ்ட் கிம்சன். 1884 ஜனவரியில் கவிஞரும் கைவினைக் கலைஞருமான வில்லியம் மாரிஸ் மன்றத்துக்கு வந்து கலையையும் சோசலிசத்தையும் பற்றிப் பேசினார். பத்தொன்பது வயது எர்னஸ்ட் அந்தப் பேச்சில் கட்டுண்டார். கட்டடக் கலை பயில லண்டன் செல்ல மாரிஸ் அவருக்கு அறிமுகக் கடிதம் கொடுத்தார். இங்கிலாந்தின் சிறந்த மரத்தளவாட வடிவமைப்பாளர்களில் ஒருவராக இன்று எர்னஸ்ட் கிம்சன் போற்றப்படுவது அந்த மாலைப்பொழுதில் தொடங்கிய பயணத்தால்.

ஜோசியா 1883-இல் காலமானார். மற்றொரு மகன் சிட்னி பல பத்தாண்டுகள் சங்கத்தைத் தோளில் சுமந்தார். பிரான்சிஸ்கன் துறவியாக இருந்து மடத்தை விட்டு வெளியேறிய ஜோசப் மெக்கேப் 1890-களின் இறுதியில் சிறிது காலம் செயலாளராக இருந்தார். 1899-இல் வந்த எஃப். ஜே. கூல்ட், குழந்தைகளுக்குக் கதை வழியாக ஒழுக்கம் கற்பிப்பதில் தேர்ந்தவர். சங்கத்தின் வரலாற்றை 1900-இல் அவரே எழுதினார். சம்பளத்துக்குச் செயலாளர் வைக்கும் அளவுக்குச் சங்கம் வளர்ந்திருந்தது. அந்தச் சம்பளம் உறுப்பினர்களின் சந்தாவிலும் நன்கொடையிலும் நின்றது.

ஆனால் சங்கத்துக்குச் சொத்து எழுதிவைக்க நினைத்தவர்களுக்குச் சட்டம் குறுக்கே நின்றது. 1850-இல் ஒரு வழக்கு. இயற்கையின் வழியே கடவுளை அறியும் தத்துவமே முழுமையான சமயமாகும் என்று நிறுவும் சிறந்த கட்டுரைக்குப் பரிசு தர ஒருவர் உயில் எழுதியிருந்தார். கிறித்தவத்துக்கு மாறானது என்று நீதிமன்றம் அந்த ஏற்பாட்டைச் செல்லாததாக்கியது. கடவுளை ஒப்புக்கொண்ட கட்டுரைக்கே இந்தக் கதி என்றால், இலௌகிகர்களுக்கு எழுதும் உயில் என்னாகும்? 1883-இல் 'ஃப்ரீதிங்கர்' இதழின் ஆசிரியர் ஜி. டபிள்யூ. ஃபூட் மத நிந்தனைக்காக ஓராண்டு சிறை சென்று மீண்டவர். அவர் 1898-இல் ஒரு வழி கண்டார். கம்பெனிச் சட்டத்தின் கீழ் 'செக்யுலர் சொசைட்டி லிமிடெட்' என்று பதிவு செய்தார். கம்பெனிக்குச் சட்டத்தில் தனி ஆள் என்ற தகுதி உண்டு. அதற்கு எழுதிவைப்பதை எளிதில் தட்டிவிட முடியாது என்பது அவர் கணக்கு.

சார்லஸ் போமன் என்பவர் தன் சொத்தின் மிச்சத்தை அந்தக் கம்பெனிக்கு எழுதிவைத்து 1908-இல் இறந்தார். உறவினர்கள் வழக்காடினார்கள். மேல்முறையீடு பிரபுக்கள் சபை வரை போனது. 1917 மே மாதம் தீர்ப்பு. கிறித்தவம் சட்டத்தின் பகுதி என்ற பழைய வாதத்தைப் பிரபுக்கள் ஒதுக்கினார்கள். நாகரிகமான முறையில் கிறித்தவத்தை மறுப்பது குற்றமாகாது, உயில் செல்லும் என்றார்கள். லிவர்பூல் செயலாளரைத் தெருவில் நிறுத்திய 1867 தீர்ப்பும் அதோடு வலுவிழந்தது. இடையில் கடந்தவை ஐம்பது ஆண்டுகள்.

இதே காலத்தில் சென்னையிலும் ஒரு சங்கம் இருந்தது. 1878-இல் இந்து சுயக்கியானிகள் சங்கமாகத் தொடங்கியது, பின்னர் சென்னை இலௌகிக சங்கமானது. 1888 வரை இயங்கியது. 'தத்துவ விசாரிணி', 1882 முதல் 'தத்துவ விவேசினி', ஆங்கிலத்தில் 'தி திங்கர்' என்று இதழ்கள் நடத்தினார்கள். சாதியையும் சோதிடத்தையும் குழந்தை மணத்தையும் கைம்பெண்களுக்கு இழைக்கும் கொடுமையையும் கேள்வி கேட்டார்கள். பிராட்லா, பெசன்ட் எழுத்துகளைத் தமிழாக்கி வெளியிட்டார்கள். அவர்களில் மூத்தவரான அத்திப்பாக்கம் வெங்கடாசல நாயக்கர், 'இந்துமத ஆசார ஆபாச தரிசினி' என்ற நூலை எழுதி, லெஸ்டரில் மன்றம் திறந்த மறு ஆண்டான 1882-இல் வெளியிட்டார். உழுபவரின் நில உரிமைக்காக மிராசுதார்களை எதிர்த்து வாதாடியவரும் அவரே.

இரண்டு ஊர்களையும் தொட்டவர் அன்னி பெசன்ட். லெஸ்டர் மேடையில் இலௌகிகராக நின்றவர் 1889-இல் பிரம்மஞானத்தை ஏற்றார். 1893 நவம்பரில் தூத்துக்குடியில் கரையிறங்கினார். அவருடைய நாத்திக எழுத்துகளைத் தமிழில் படித்திருந்த சென்னையிலேயே, பிறகு அடையாற்றுப் பிரம்மஞான சபையின் தலைவராக அவர் வாழ்ந்தார். அவர் வந்து சேர்ந்தபோது சென்னை இலௌகிக சங்கத்தின் இதழ்கள் நின்று ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன.

சென்னையின் அந்தக் குரல் நூறாண்டுக்கு மேல் ஏறக்குறைய மறக்கப்பட்டுக் கிடந்தது. பேராசிரியர் வீ. அரசு இதழ்களைத் தேடித் தொகுத்து, 2012-இல் நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் வழியாக ஆறு தொகுதிகளாகக் கொண்டுவந்தார். அந்தப் பக்கங்களைப் புரட்டும் இன்றைய வாசகருக்குச் சந்தா கட்டியவர்களும் கடிதம் எழுதியவர்களும் வாதாடியவர்களும் மறுபடி கண்முன் வருகிறார்கள்.

லெஸ்டரில் ஹம்பர்ஸ்டோன் கேட் வழியாக நடப்பவர் தலையை நிமிர்த்தினால் அந்த ஐந்து முகங்களும் அதே இடத்தில் இருக்கின்றன. ஏசு ஓவனோடும் பெயினோடும் ஒரே வரிசையில் நிற்கிறார். கீழே கதவு. பங்கு வாங்கியவர்களின் காசில் 1881-இல் திறந்த அந்தக் கதவுக்குப் பின்னால் சங்கம் இன்னும் கூடிக்கொண்டிருக்கிறது.